கிராஃப் தாளில் என் கால்

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். புது ஷூவை வாசலில் கழற்றினேன். நேராகச் சமையலறைக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தேன். ஹாலில் இருந்து என் வீட்டுக்காரர் குரல்.

"வசந்தா, தரையில இன்னாடி இது? குங்குமத்த கொட்டிட்டியா?"

திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் இருந்து அடுப்படி வரைக்கும் வெள்ளை டைல்ஸ் மேல் சிவப்புப் பொட்டுகள். ஓர் எட்டு விட்டு ஓர் எட்டுக்கு ஒரு பொட்டு. எண்ணினேன். கணக்கு டீச்சர் புத்தி, வேறென்ன? ஒன்பது. கடைசிப் பொட்டு என் வலது காலுக்கு அடியில் இருந்தது. அது இன்னும் பெரிதாகிக்கொண்டிருந்தது.

வலிக்கவில்லை. துளிகூட வலிக்கவில்லை. அதுதான் பயம்.

எனக்குச் சுகர் வந்து பன்னிரண்டு வருஷம். கால் மரத்துப்போய் இரண்டு வருஷம். ஈரத் துணிமேல் நிற்கிறேனா, காய்ந்த தரைமேல் நிற்கிறேனா என்று குனிந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களிடம் இதுவரை நான் இதைச் சொன்னதில்லை. ஊரில் இருக்கிற எல்லார் தப்பையும் எழுதுவேன். என் காலைப் பற்றி மட்டும் எழுத மாட்டேன். ஆறு வாரமாகப் பரீட்சை, பஸ், தண்ணீர் வரி என்று எதையோ எழுதி ஒப்பேற்றினேன். பயந்துபோய் இருந்தேன். இப்போதும் பயம் போகவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அண்ணனுக்கு முட்டிக்குக் கீழே வலது கால் கிடையாது. விபத்து எல்லாம் இல்லை. அவனுக்கும் சுகர்தான். வெறும் செருப்புக்கடி! சுண்டுவிரல் பக்கம் ஒரு கொப்புளம். "தானா ஆறிடும்" என்றான். முதலில் விரலை எடுத்தார்கள். அப்புறம் பாதத்தை. அப்புறம் அதற்கும் மேலே. இன்றைக்கும் அவன் செருப்பு வாங்கப் போனால் கடைக்காரர் ஒன்றை மட்டும் கொடுப்பாரா? ஜோடியாகத்தான் வாங்கி வருவான். அவன் கட்டிலுக்குக் கீழே ஐந்து வலது கால் செருப்புகள் கிடக்கின்றன. எல்லாம் புத்தம் புதுசு. ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை.

அந்த ஐந்து செருப்பைக் கண்ணால் பார்த்தவள் நான். அப்படிப்பட்டவள் ஏன் இந்தக் கதிக்கு வந்தேன்? ஆரம்பத்தில் இருந்து சொல்ல வேண்டும்.

ஆரம்பித்து வைத்தது ஒரு ஃபோட்டோ. என்னிடம் பத்தாவது படித்த பெண் ஜீவிதா. இப்போது கரீபியன் பக்கம் ஒரு தீவில் நர்ஸ். வெஸ்ட் இண்டீஸ் என்றால் எனக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும்தான். இவள் அங்கே போய்ச் செருப்பு தேடியிருக்கிறாள். ஒருநாள் வாட்ஸ்அப்பில் அவள் குரல்.

"டீச்சர், இந்தத் தீவுல ஒரு நல்ல ஷூவுக்கு நாயா அலைஞ்சேன். கடை பூரா வெளிநாட்டு மாலுதான். எல்லாம் ஒரே அச்சு. அப்பறம் மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு அம்மா தெக்கிறாங்கனு சொன்னாங்க. இந்த ஊரு தோலு, இந்த ஊரு கை. ஃபோட்டோ பாருங்க. சூப்பரா இருக்குதா?"

பார்த்தேன். அடர் பழுப்புத் தோல். முன்பக்கம் மூடி, மேலே இலை மாதிரி வெட்டு வேலை. பின்னால் ஒரு வார். தையல் ஒன்றுகூடக் கோணவில்லை. என் வயிறு எரிந்தது. ஐம்பத்துநான்கு வயதில் ஒரு செருப்பைப் பார்த்து வயிறு எரியுமா? எரிந்தது.

ஏன் என்றால், என் காலில் அப்போது கிடந்தது சுகர் செருப்பு. ஆஸ்பத்திரி நீலம். தட்டையாக, அகலமாக, பார்த்தாலே "ஐயோ பாவம்" என்று சொல்ல வைக்கும். ஸ்டாஃப் ரூமில் நுழைந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், காலைப் பார்ப்பார்கள். "சுகர் எவ்ளோ இருக்குது டீச்சர்?" இதுதான் குட் மார்னிங். சுகர் வந்தவளுக்கு அழகான செருப்பு எதற்கு என்று எவன் முடிவு பண்ணினான்? எனக்குத் தெரிய வேண்டும்.

ஒரு தீவில் கிடைக்கிறது. செஞ்சியில் கிடைக்காதா?

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். காந்தி பஜார், கூட்டு ரோடு, திருவண்ணாமலை ரோடு. ஒரு கடை விடவில்லை. ஒரு கடையில் நடந்தது அப்படியே இங்கே.

"இது லெதரா?"

"லெதர் மாரி, மேடம்."

"மாரி வேணாம். லெதர் வேணும்."

"லெதர் மழையில கெட்டுடும் மேடம். இது கெடாது."

"போன தடவ வாங்குனது மூணு மாசத்துல வாயப் பொளந்துக்கிச்சே?"

"மூணு மாசம் போதாதா மேடம்? அதுக்குள்ள ஃபேஷன் மாறிடும்ல?"

அந்த ஆளை நான் அடிக்கவில்லை. ஆனால் அடிக்க நினைத்தேன்.

கடைசியில் கண்டுபிடித்தது பஸ்ஸில். சிங்கவரம் போகிற டவுன் பஸ். எதிர் சீட்டில் ஒரு பெண். அவள் காலில் கறுப்புத் தோல் ஷூ, ஓரத்தில் சிவப்புத் தையல். நான் வெட்கம் பார்க்கிற ஜாதி இல்லை. நேராகக் கேட்டேன், எங்கே வாங்கினாய் என்று.

"வாங்கல மேடம், தெச்சது. திண்டிவனம் ரோட்டுல சைக்கிள் கடைக்குப் பக்கத்து ரூம். கலைச்செல்வினு ஒரு அக்கா."

அன்று சாயங்காலமே போனேன்.

சின்ன ரூம்தான். ஒரு தையல் மெஷின். சுவர் முழுக்கக் கால் வடிவத்தில் கட்டைகள், வரிசையாக. அதன்மேல்தான் தோலை இழுத்து வைத்து ஷூ தைப்பார்களாம். கலைச்செல்விக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சுடிதார் மேல் ஒரு ஏப்ரன். ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். கல்யாணம் ஆகி இங்கே வந்து, சொந்தமாகத் தைக்கிறாள். அவள் மாமனார் பஸ் ஸ்டாண்டு ஓரம் உட்கார்ந்து செருப்பு தைத்தவர். அவரை எனக்கே தெரியும்.

ஜீவிதா அனுப்பிய ஃபோட்டோவைக் காட்டினேன். விரலால் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்தாள்.

"கை நல்ல கை டீச்சர். தையல் எண்ணி வெச்ச மாரி இருக்குது. பக்கிளதான் இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளிப் போட்டிருக்கணும். கணுக்கால உரசும்."

"உன்னால இத மாரி தைக்க முடியுமா?"

சிரித்தாள். "நான் தெச்ச ஷூ எல்லாம் கப்பல்ல போச்சு டீச்சர். எந்தெந்த ஊருக்கோ போச்சு. செஞ்சிக்குத்தான் வரல."

எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

"கால காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டாள். முட்டி போட்டு உட்கார்ந்தாள். என் வலது காலைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

நான் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டேன்.

"விடும்மா. நீ தொடாத. நானே வரைஞ்சி எடுத்தாரேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.  பிறகு எழுந்து, தாளைச் சுருட்டி வைத்தாள்.

"சரிங்க டீச்சர். எடுத்தாங்க."

நான் ஏன் காலை இழுத்தேன்? சொல்கிறேன். நான் காலனியில் பிறந்தவள். எங்கள் நைனா கூலி வேலைக்குப் போனவர். ஊர்த்தெரு முனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். தெருவைக் கடந்த பிறகுதான் காலில் போடுவார். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். வெயிலில் அவர் தத்தித் தத்தி நடந்தது எனக்கு இன்னும் தெரியும். ஒருமுறை கழற்ற மறந்துபோய், ஒருத்தர் காலில் விழுந்து எழுந்ததையும் பார்த்தேன். அன்றைக்கே முடிவு பண்ணினேன். நான் யார் காலிலும் விழ மாட்டேன். என் காலில் யாரையும் விழ விடமாட்டேன். ரிசல்ட் வந்த அன்று காலைத் தொட வருகிற பிள்ளைகளைக்கூடத் திட்டி அனுப்புவேன். முப்பது வருஷமாக இது என் சட்டம்.

நல்ல சட்டம்தான். செருப்புக் கடைக்கு அது செல்லாது என்று மட்டும் எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் காலை குளித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கிராஃப் தாளை எடுத்தேன். ஆமாம், கிராஃப் தாள். மில்லிமீட்டர் கணக்கில் துல்லியமாக இருக்க வேண்டாமா? குனிந்து, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்தேன். நீளம், அகலம், எல்லாம் குறித்தேன். கீழே என் பெயரையும் எழுதினேன். பத்துக்குப் பத்து போடலாம், அப்படி இருந்தது.

கலைச்செல்வி அதை வாங்கிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. "வெச்சிட்டுப் போங்க டீச்சர்" என்றாள்.

சுகர் இருக்கிறது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. கால் மரத்துப்போனதையும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அவளும் அந்த நீலச் செருப்பைத்தான் தைத்துத் தருவாள் என்று நினைத்தேன். எனக்கு இலை வெட்டு வேண்டும். வார் வேண்டும். பக்கிள் வேண்டும்.

பன்னிரண்டு நாளில் ஷூ வந்தது. அப்படி ஒரு அழகை நான் என் காலில் பார்த்ததே இல்லை. பழுப்புத் தோல், இலை வெட்டு, உள்ளே மெத்தென்று லைனிங். பக்கிள் அவள் சொன்னபடி பின்னால் தள்ளி இருந்தது. போட்டுக்கொண்டு அந்த ரூமுக்குள் நாலு தரம் நடந்தேன்.

"எங்கியாச்சும் புடிக்குதா டீச்சர்?"

"எங்கியும் புடிக்கல."

பொய் சொல்லவில்லை. எனக்கு எங்கே பிடிக்கும்? ஆணி குத்தினாலும் பிடிக்காது!

புதன்கிழமை போட்டுக்கொண்டு போனேன். ஸ்டாஃப் ரூமில் ஒருத்தரும் சுகரைப் பற்றிக் கேட்கவில்லை. "எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்கள். "வெஸ்ட் இண்டீஸ் டிசைன், செஞ்சித் தையல்" என்றேன். நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். வியாழக்கிழமையும் அப்படியே.

வியாழக்கிழமை சாயங்காலம் தரையில் ஒன்பது பொட்டு.

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எதற்கும் பதறாதவர். அன்றைக்கு ஸ்கூட்டர் சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் வீட்டையே புரட்டினார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

டாக்டர் என்னைவிட இருபது வயது சின்னவள். என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சுண்டுவிரலுக்குக் கீழே ஓரமாக, ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் கிழிந்திருந்தது.

"எத்தன நாளா இருக்குது இது?"

"இன்னிக்கிதான்."

"இன்னிக்கிதான் பாத்தீங்க. நேத்தே வந்திருக்கும்." நிமிர்ந்து, வாசலில் கிடந்த ஷூவைப் பார்த்தாள். "ஷூ நல்லா பளபளனு இருக்குது. காலப் பாக்கலியா டீச்சர்?"

எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராத பிள்ளைகளை முப்பது வருஷமாக நிற்க வைத்தவள் நான்.

ஒரு வாரம் மருந்து. ஒரு வாரம் காலை ஊன்றக் கூடாது. அதற்குள் காயம் மூட ஆரம்பிக்க வேண்டும். இல்லை என்றால் உள்ளே எலும்பு வரைக்கும் போயிருக்கிறதா என்று பார்க்க விழுப்புரம் போக வேண்டும். "அங்க போனா அப்பறம் அவங்க இன்னா சொல்றாங்களோ" என்று நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்திய இடத்தில் என் அண்ணனின் ஐந்து வலது செருப்புகள் எனக்குத் தெரிந்தன.

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது? காலையில் எழுந்ததும் முதல் வேலை முகம் பார்க்கும் கண்ணாடியைக் காலுக்கு அடியில் பிடிப்பது. சிவப்பு பரவியிருக்கிறதா? சீழ் இருக்கிறதா? நாற்றம் வருகிறதா? என் கண்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. அவரைக் கூப்பிடுவேன். டார்ச் அடித்துப் பார்ப்பார்.

"டிப்போல டயர் செக் பண்ற மாரியே இருக்குதுடி."

"டயர்னா மாத்தலாம். வாய மூடிக்கினு பாருங்க."

சிரித்தார். இன்னொரு தரம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

எட்டாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். "ஓரம் மூட ஆரம்பிச்சிருக்குது" என்றாள். விழுப்புரம் வேண்டாம், இப்போதைக்கு. இப்போதைக்கு என்ற சொல்லை அவள் விடவே இல்லை.

பயம் கொஞ்சம் இறங்கியதும் எனக்கு என்ன வரும்? கோபம் வரும். ஆஸ்பத்திரியில் இருந்து நேராகத் திண்டிவனம் ரோட்டுக்கு விடச் சொன்னேன். வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தி, அந்த ரூமுக்குள் போனேன். டாக்டரிடம் காட்டக் கொண்டுபோயிருந்த ஷூவை அவள் மேஜைமேல் போட்டேன்.

"இன்னாம்மா தெச்சிருக்க? மனுசன் காலுக்குத் தெச்சியா, பொம்மை காலுக்குத் தெச்சியா? என் கால எடுக்கப் பாத்தியே!"

கலைச்செல்வி என் காலில் இருந்த கட்டைப் பார்த்தாள்.  வலது ஷூவை எடுத்தாள். உள்ளே கையை விட்டு, விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. லைனிங்கில் ரத்தம் காய்ந்து மொடமொடப்பாக இருந்த இடம்.

"சுகர் இருக்குதா டீச்சர்?"

"இருக்குது."

"கால் மரத்துப் போச்சா?"

"..."

"நான் கேட்டனே. புடிக்குதானு கேட்டனே. ஏன் சொல்லல?"

அலமாரியைத் திறந்து என் கிராஃப் தாளை எடுத்து வந்தாள். பத்திரமாக வைத்திருந்தாள்.

"இத எப்ப வரைஞ்சீங்க?"

"காலையில. குளிச்சிட்டு."

"உக்காந்துகினா, நின்னுகினா?"

"உக்காந்துகினுதான். நின்னா எப்படிக் குனியிறது?"

"உக்காந்தா காலு சுருங்கி இருக்கும் டீச்சர். நின்னா பரவும். காலையில ஒரு அளவு, சாயங்காலம் வீங்கி ஒரு அளவு. நீங்க குனிஞ்சி வரைஞ்சதுல பென்சில் உள்பக்கமா சாஞ்சிருக்குது. சுத்தளவு எடுக்கவே இல்ல. இது இன்னா கணக்கு?"

கிராஃப் தாளில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நான் போட்ட தப்புக் கணக்கு. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அது வேறு.

"அப்ப ஏன் இத வாங்கிக்கின? தப்புனு சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். விடுவேனா?

அவள் குரல் இறங்கியது.

"சொல்லியிருக்கணும். அது என் தப்புதான். ஆனா நீங்க அன்னிக்கி கால வெடுக்குனு இழுத்துக்கினீங்க. தொடாதனு சொன்னீங்க. அதுக்கு மேல நான் இன்னா பேசறது? நான் தொட்டா ஒங்களுக்கு இன்னா ஆயிடும்னு..."

முடிக்கவில்லை அவள்.

எனக்குத் தலையில் ரத்தம் ஏறியது. "என்னப் பாத்தா இந்தக் கேள்வி கேக்கற? நான் எந்தத் தெருவுல பொறந்தேனு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் டீச்சர். அதனாலதான் ஜாஸ்தியா வலிச்சிது. மத்தவங்கனா பழகிப் போச்சு."

பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்தேன். 

உட்கார்ந்தேன். நைனா செருப்பைக் கக்கத்தில் இடுக்கிய கதையைச் சொன்னேன். காலில் விழுந்து எழுந்ததைச் சொன்னேன். என் சட்டத்தைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அந்த ஷூவின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"அதெல்லாம் சரி டீச்சர். ஒங்க நைனாவுக்கு அந்தச் செருப்ப தெச்சது யாரு? எங்க மாமனார் மாரி ஒரு ஆளுதான? அந்த ஆளு ஒங்க நைனா கால அளக்காமயா தெச்சிருப்பாரு?"

"..."

"கால்ல உழறது வேற. கால அளக்கறது வேற. இந்தக் கட்டு போட்ட டாக்டரு ஒங்க காலப் புடிக்கலியா? அவங்ககிட்ட 'விடும்மா, நானே பாத்துக்கறேன்'னு சொன்னீங்களா?"

சொல்லவில்லை. டாக்டர் மடியில் என் கால் அரைமணி நேரம் கிடந்தது. என் சட்டம் அப்போது எங்கே போயிருந்தது?

நல்ல எண்ணத்தில் செய்தோம் என்பதால் அடுத்தவருக்கு வலிக்காமல் போய்விடாது. இது எனக்குத் தெரிய ஐம்பத்துநான்கு வயது ஆகியிருக்கிறது. கால் மட்டும்தான் மரத்துப்போயிருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தப்புதாம்மா" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் அவ்வளவு சுலபமாக வராது. என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் அதைக் கேட்டதில்லை.

கலைச்செல்வி புதுத் தாள் ஒன்றைத் தரையில் போட்டாள். "மொதல்ல எடது கால். கட்டு பிரிச்சப்பறம் வலது."

முட்டி போட்டாள். கையை நீட்டினாள். இந்த முறை நான் இழுக்கவில்லை. கஷ்டமாக இருந்தது.  அவள் என் பாதத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்ததா, சில்லென்று இருந்ததா? தெரியாது. என் கால் அவள் கையில் இருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"எந்திரிச்சி நில்லுங்க. வெய்ட்ட போடுங்க."

"ஒன் கைமேலயா?"

"பேப்பர் மேல டீச்சர்! கை வேணும் எனக்கு."

மூவரும் சிரித்துவிட்டோம். அந்த எட்டு நாளில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நாலு வாரம் ஆனது காயம் மூட. அதன் பிறகு சாயங்கால நேரமாகப் போய் வலது காலையும் கொடுத்தேன். அந்த அளவை என் கிராஃப் தாள்மேல் வைத்துக் காட்டினாள். சுண்டுவிரல் பக்கம் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். எட்டு மில்லிமீட்டர்! ஒரு பென்சிலின் பருமன்தான். அதிலேயே என் கால் போயிருக்கும்.

இரண்டாவது ஜோடி போன வாரம் கைக்கு வந்தது. மெரூன் நிறம். சுண்டுவிரல் பக்கம் உள்ளே தையலே கிடையாது. முன்பக்கம் அகலம். ஆனால் அகலமாகத் தெரியவில்லை, அதுதான் அவள் வேலை. இலை வெட்டும் இருக்கிறது, வாரும் இருக்கிறது, பக்கிளும் இருக்கிறது. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எங்க தெச்சீங்க?" என்று கேட்டாள். அவளிடம் வைத்தியத்துக்கு வருகிற இரண்டு பேருக்கு வேண்டுமாம். அனுப்பி வைத்தேன்.

ஜீவிதாவுக்கும் ஃபோட்டோ அனுப்பினேன். "டீச்சர், இந்தத் தீவு அம்மாகிட்ட காட்டினேன். பக்கிள ஏன் அவ்ளோ பின்னால போட்டிருக்காங்கனு கேட்டாங்க" என்று பதில் வந்தது. கலைச்செல்வியிடம் சொன்னேன். "அவங்கள ஒரு நாளு போட்டு நடந்து பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

இப்போது எனக்குச் சட்டம் போடுகிறவள் அவள். முதல் நாள் அரை மணி நேரம்தான் ஷூவைப் போடலாம். இரண்டாம் நாள் ஒரு மணி நேரம். ஒவ்வொரு நாளும் கழற்றினதும் இரண்டு பாதத்தையும் அடியிலும் ஓரத்திலும் ஃபோட்டோ எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும். அவள் பெரிசு பண்ணிப் பார்த்து, நன்றாக இருந்தால் ஒரு ரைட் போட்டு அனுப்புவாள். ரைட் வந்தால்தான் மறுநாள் போடலாம். "புடிக்குதானு ஒங்கள கேட்டு பிரயோஜனம் இல்ல டீச்சர். நானே பாத்துக்கறேன்." முகத்துக்கு நேரே சொன்னாள். முப்பது வருஷம் நோட்டில் நான் ரைட் போட்டேன். இப்போது என் காலுக்கு ஒருத்தி போடுகிறாள். நான்கு நாள், நான்கு ரைட்.

இன்று ஐந்தாம் நாள். காலை நடையை முடித்துவிட்டு வந்து, ஷூவைக் கழற்றி, ஃபோட்டோ அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். வலது சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் லேசாகச் சிவந்த மாதிரி இருக்கிறது. ஜன்னல் வெளிச்சமா, என் பயமா? "ஒண்ணுமில்லடி" என்கிறார் வீட்டுக்காரர். அவர் பேச்சை நான் என்றைக்கு நம்பினேன்? இதோ, இந்தப் பத்தியை எழுதிக்கொண்டே நிமிஷத்துக்கு ஒருமுறை ஃபோனைப் பார்க்கிறேன்.

ஃபோட்டோவுக்குக் கீழே நீல டிக் விழுந்துவிட்டது, கலைச்செல்வி பார்த்துவிட்டாள். ரைட் இன்னும் வரவில்லை.